"தீர்க்கதரிசன" என்னும் அடைமொழி: அதன் பொருளும் வழக்கும்

சென்ற புரட்டாசி மாதத்தில், பந்தல்குடிக்கு அண்மையிலுள்ள சிற்றூர்ச் சபை ஒன்றில் மூன்று நாள் வேத ஆராய்ச்சி நடத்தும் பொறுப்பு நமக்குக் கிடைத்தது. அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை விட்டு விலகி, கரிசல் காட்டினூடே சிறிது தூரம் செல்லவேண்டும். ஒருபுறம் விதைப்புக்குக் காத்திருக்கும் கறுப்பு மண்; மறுபுறம் சுண்ணாம்புக்கல் தோண்டிய வெள்ளைப் பள்ளங்கள். மழை பெய்தால் பருத்தியும் மிளகாயும் மல்லியும் உண்டு; பெய்யாவிட்டால் சீமைக்கருவேலமும் கரிமூட்டமும் உண்டு. வருவதை முன்னறிய வேண்டும் என்னும் ஆவல் இந்நாட்டு மக்களுக்கு வெறும் வேடிக்கையன்று என்பதை வாசகர் முதலில் நினைவில் கொள்ளுதல் நன்று.

இரண்டாம் நாள் மாலை, அச்சகத்திலிருந்து வந்த மாதிரித்தாள் ஒன்றை வாலிபர் ஒருவர் பிழை திருத்தும்படி நம்மிடம் கொடுத்தார். அடுத்த மாதம் நடக்கவிருந்த கூடுகைக்கான அறிவிப்பு அது. தீர்க்கதரிசன எழுப்புதல் கூடுகை, தீர்க்கதரிசன ஆராதனை, தீர்க்கதரிசன ஜெபம், தீர்க்கதரிசன ஊழியர் என்று ஒரே பக்கத்தில் அச்சொல் நான்கு முறை வந்திருந்தது. நாம் ஒற்றுப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தோம். வாலிபரோ, "ஐயா, இந்தச் சொல் வேதத்தில் எத்தனை இடத்தில் வருகிறது?" என்று கேட்டார். உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. நாம் தயங்கிக் கொண்டிருக்கையில், திண்ணையோரம் அமர்ந்திருந்த கைம்பெண் ஒருவர் வேறொரு கேள்வியைக் கேட்டார்: "கோடாங்கி சொன்னா அது குறி, இவுக சொன்னா தீர்க்கதரிசனமா ஐயா? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அவ்வம்மையார் வீணாகக் கேட்கவில்லை. முந்திய ஆண்டில், வெளியூர்க் கூட்டம் ஒன்றில் ஒருவர் அவருக்குத் "தீர்க்கதரிசன வார்த்தை" ஒன்றை உரைத்தாராம். அவருடைய புஞ்சையின் வடமேற்கு மூலையில் ஜீவநீரூற்று இருக்கிறது என்பதே அவ்வார்த்தை. காதிலும் கழுத்திலும் இருந்ததை விற்று ஆழ்துளைக் கிணறு இறக்கினார். 600 அடி வரை வெள்ளைத் தூளே வந்தது. அதற்கு முன்பு, தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கும் ஊரார் ஒருவர் அதே மூலையைக் காட்டியபோது, "நாங்க வேதக்காரங்க, அதெல்லாம் பார்க்கமாட்டோம்" என்று அனுப்பிவிட்டவர் அவர்.

வாலிபரின் கேள்வி எண்ணிக்கையைப் பற்றியது; அம்மையாரின் கேள்வி பொருளைப் பற்றியது. இரண்டுக்கும் அன்றிரவு நாம் அளித்த விடையைச் சற்று விரித்து இங்கு எழுதுகிறோம்.

இரண்டே இடங்கள்

தீர்க்கதரிசி, தீர்க்கதரிசனம், தீர்க்கதரிசனம் உரைத்தல் ஆகிய பெயரும் வினையும் புதிய ஏற்பாட்டில் நிரம்ப உண்டு. ஆனால் கிரேக்க மூலத்தில் "ப்ரொஃபேட்டிக்கோஸ்" என்னும் அடைச்சொல் இரண்டே இடங்களில் காணப்படுகிறது. ஒன்று ரோமர் நிருபத்தின் இறுதித் துதியுரை (16:26). மற்றொன்று 2 பேதுரு 1:19. முன்னதில் அது "ஆகமங்கள்" என்னும் பெயரைச் சார்ந்துள்ளது. பின்னதில் "வசனம்" என்னும் பெயரைச் சார்ந்துள்ளது. வேறெங்கும் இல்லை.

தமிழ் வேதாகமத்தை மட்டும் வைத்து எண்ணுகிறவர்களுக்கு இக்கணக்கு வியப்பளிக்கும். ஏனெனில் வெளிப்படுத்தின விசேஷத்தின் தொடக்கத்திலும் (1:3) முடிவிலும் (22:18) "தீர்க்கதரிசன வசனங்கள்" என்னும் தொடரை நாம் படிக்கிறோம். ஆயினும் அங்கெல்லாம் கிரேக்கத்தில் இருப்பது அடைச்சொல் அன்று. "தீர்க்கதரிசனத்தின்" என ஆறாம் வேற்றுமையில் நிற்கும் பெயர்ச்சொல்லே. தமிழ் இவ்விரண்டையும் ஒரே உருவில் தந்துவிடுகிறது. இது மொழிபெயர்ப்பாளரின் குறையன்று, தமிழின் இயல்பு.

இவ்வியல்பைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். மகர ஈற்றுப் பெயர் ஒன்று மற்றொரு பெயரோடு சேரும்போது ஈற்று மெய் கெட்டு, அப்பெயரே அடையாக நிற்கும். மரம், வேர் என்னும் இரண்டும் மரவேர் ஆவதுபோல, தீர்க்கதரிசனமும் வசனமும் தீர்க்கதரிசன வசனம் ஆகின்றன. இவ்வடையில் உறவு இன்னதென்று வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. தீர்க்கதரிசனத்தைப் பற்றிய வசனமா, தீர்க்கதரிசனத்தில் உள்ள வசனமா, தீர்க்கதரிசனமாகிய வசனமா என்பதைக் கேட்பவரே உய்த்துணர வேண்டும். "தீர்க்கதரிசன ஜெபம்" என்று எழுதினால், தீர்க்கதரிசிகள் ஏறெடுத்த ஜெபமா, தீர்க்கதரிசனம் வேண்டிச் செய்யும் ஜெபமா, ஜெபமே தீர்க்கதரிசனமாய் மாறுகிறதா? எழுதினவருக்கே தெளிவில்லாவிடினும் தொடர் இலக்கணப் பிழையின்றி நின்றுவிடும். இவ்வடை எதன்மேலும் எளிதாக ஒட்டிக்கொள்வதற்கு இதுவே முதற்காரணம் என்பது நமது கருத்து.

"ஆன" என்னும் உருபு சேர்ந்தாலோ பொருள் வேறாகிறது. தங்கக் காசு என்பது தங்கத்தாலாகிய காசு. தங்கமான பெண் என்பது தங்கம்போன்ற குணமுடைய பெண். அதுபோலவே "தீர்க்கதரிசனமான பேச்சு" என்று சொல்லும்போது நம் மக்கள் வேதாகமத்தை நினைப்பதில்லை. தொலைநோக்குள்ள பேச்சு என்றே கொள்கின்றனர். விருதுநகரில் 1903இல் பிறந்த காமராசர் பள்ளிக்கூடங்களைத் திறந்து மதிய உணவு அளித்ததைத் தீர்க்கதரிசனமான செயல் என்று இம்மாவட்டத்தார் கூறுவர். அதில் தவறொன்றுமில்லை. அச்சொல்லின் பழைய வடமொழிப் பொருளே அதுதான்: தீர்க்கம் என்பது நீளம், தரிசி என்பது காண்பவன். நெடுந்தூரம் காண்பவன், முன்யோசனையுள்ளவன் என்பதே அதன் நேர்ப்பொருள். தீர்க்காயுசு, தீர்க்க சுமங்கலி முதலிய தொடர்களில் இன்றும் தீர்க்கம் நீட்சியையே குறிக்கிறது.

ஆனால் தமிழ்ச் செவியில் அச்சொல்லோடு மற்றொரு ஒலியும் கலந்து கேட்கிறது. தீர்தல், தீர்ப்பு, தீர்மானம் ஆகியவற்றின் ஒலி அது. "தீர்க்கமாகச் சொல்லிவிட்டார்" என்றால் நீளமாகச் சொன்னார் என்று எவரும் கொள்வதில்லை. மறுபேச்சுக்கு இடமின்றி முடிவாகச் சொன்னார் என்றே கொள்கின்றனர். ஆகவே "தீர்க்கதரிசன வார்த்தை" என்று ஒருவர் தமிழில் சொன்னவுடன், கேட்பவர் உள்ளத்தில் அது ஆராயத்தகாத முடிவான வார்த்தை என்னும் எண்ணம் தானே எழுகிறது. கிரேக்கச் சொல்லில் இந்த எதிரொலி இல்லை. 600 அடி தோண்டிய அம்மையாரை நகைக்குமுன் இதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

கண்ணும் வாயும்

கிரேக்கத்தில் "ப்ரொஃபேட்டேஸ்" என்பவன் பேசுகிறவன்; ஒருவருக்காக நின்று அவர் சொல்லை வெளிப்படையாய் உரைப்பவன். அச்சொல்லின் அழுத்தம் வாயில் இருக்கிறது. தமிழ்ச் சொல்லின் அழுத்தமோ கண்ணில் இருக்கிறது. எபிரெயத்தில் இரண்டும் உண்டு: காண்பவனைக் குறிக்க "ரோஏ", "ஹோஸே" என்னும் சொற்களும், உரைப்பவனைக் குறிக்க "நபி" என்னும் சொல்லும் வழங்கின. எபிரெயத்தில் "நெபுவா" என்னும் பெயர்ச்சொல் பழைய ஏற்பாட்டில் மும்முறையே வருகிறது (2 நாளாகமம் 9:29, 15:8, நெகேமியா 6:12). அதிலிருந்து பிறந்த அடைச்சொல் அங்கு வழங்கவேயில்லை. ஏசாயாவும் எரேமியாவும் தங்கள் பேச்சுக்குத் "தீர்க்கதரிசன" என்னும் அடைமொழியைச் சூட்டிக்கொள்ள விரும்பியிருந்தாலும் அவர்கள் மொழியில் அதற்குச் சொல் இருக்கவில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு சொல் அரிதாய் வருவதனால் அது குறிக்கும் பொருளும் அரிது என்று முடிவு செய்துவிடலாகாது. சொல்லின் வேரைக் கொண்டு இறையியலைக் கட்டும் பழக்கத்தை ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட தம் நூலில் கடுமையாகவே கண்டித்தார். கண்டனம் நியாயமானது, நம் பிரசங்க பீடங்களுக்கு அது இன்னும் சரியாக வந்து சேரவில்லை. ஆகையால் நாம் வேர்ச்சொல்லை வைத்து வழக்காடப் போவதில்லை. அவ்வடைச்சொல் வழங்கும் இடங்களில் எதைச் சார்ந்து நிற்கிறது, அங்கு என்ன வேலை செய்கிறது என்பதையே பார்ப்போம்.

ரோமர் நிருபத்தின் துதியுரை பழைய கையெழுத்துப் படிகளில் ஒரே இடத்தில் இல்லை. சிலவற்றில் 14ஆம் அதிகாரத்தின் இறுதியில் வருகிறது, ஏறத்தாழ கி.பி. 200ஐச் சேர்ந்த 46ஆம் எண் பாப்பிரஸ் சுவடியில் 15ஆம் அதிகாரத்தின் இறுதியில் உள்ளது. வேறு பலவற்றில் நாம் இன்று காணும் இடத்தில் உள்ளது. எங்கிருந்தாலும் அதன் கருத்து தெளிவானது: நெடுங்காலம் மறைந்திருந்த இரகசியம் இப்பொழுது எல்லா இனத்தாருக்கும் அறிவிக்கப்படுகிறது, அறிவிக்கும் கருவி தீர்க்கதரிசன ஆகமங்கள். இதே நிருபத்தின் தொடக்கத்தில் (1:2), தேவன் தம் தீர்க்கதரிசிகள் மூலமாய்ப் பரிசுத்த வேதாகமங்களில் முன்னே வாக்களித்த சுவிசேஷம் பற்றிய பேச்சு வருகிறது. அங்கு ஆட்பெயர், இங்கு அடைமொழி. தீர்க்கதரிசிகள் மறைந்தபின்பும் அவர்களுடைய எழுத்து அவர்கள் பணியைத் தொடர்கிறது என்பதை அடைமொழி உணர்த்துகிறது. ஒரு மறைபொருளைச் சிலருக்குமட்டும் காதோடு சொல்வது இவ்வடையின் வேலையன்று. மறைந்திருந்ததைச் சகல இனத்தாருக்கும் பொதுவாக்குவதே அதன் வேலை.

பேதுருவின் நிருபத்தில் சூழ்நிலை இன்னும் கூர்மையானது. ஆசிரியர் பரிசுத்த மலையில் தாம் கண்ட மகிமையையும் கேட்ட குரலையும் நினைவுகூருகிறார். கண்கூடான தரிசனத்துக்கு மேல் வேறென்ன வேண்டும் என்று நாம் எண்ணுவோம். அவரோ அடுத்த வரியிலேயே தீர்க்கதரிசன வசனத்தின் உறுதியைப் பேசி, அதை இருண்ட இடத்தில் எரியும் விளக்குக்கு ஒப்பிடுகிறார். தரிசனம் வசனத்தை மேலும் உறுதிப்படுத்துகிறது என்பர் சிலர். தரிசனத்தைவிட வசனம் உறுதியானது என்பர் வேறு சிலர். இரண்டு விளக்கங்களுக்கும் மூலத்தில் இடமுண்டு. எப்படியாயினும், மலையில் தனக்குக் கிடைத்த தனி அனுபவத்துக்கு அவர் இவ்வடைமொழியைச் சூட்டவில்லை. சபையார் அனைவரும் கையிலெடுத்து வாசிக்கக்கூடிய பழைய எழுத்துக்கே சூட்டினார். இத்தொடரின் இவ்வழக்கு அவருக்கு மட்டும் உரியதன்று. அலெக்சாந்திரியா நகரத்து யூத அறிஞரான பைலோவும், இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவரான யுஸ்தீனும் வேத எழுத்தை மேற்கோளாகத் தரும்போது இவ்வடையைத் தாராளமாகவே கையாளுகின்றனர்.

அதே பகுதியின் 21ஆம் வசனத்தில், மனிதர் பரிசுத்த ஆவியால் ஏவப்பட்டனர் என்பதற்கு வரும் வினை, அப்போஸ்தலர் 27:15, 17 ஆகிய வசனங்களில் காற்றில் அடிபட்டுச் செல்லும் கப்பலுக்கும் வருகிறது. கப்பல் காற்றை அழைப்பதில்லை. காற்று வரும் நேரத்தையும் துண்டுப்பிரசுரத்தில் அச்சிட இயலாது.

குறியும் தரிசனமும்

இனி அம்மையாரின் கேள்விக்கு வருவோம். கிரேக்கத்தில் வருவதுரைத்தலைக் குறிக்க மற்றொரு சொற்குடும்பமும் உண்டு. "மந்திஸ்" என்பவன் நிமித்தம் பார்த்தும் ஆவேசங்கொண்டும் வருவதைச் சொல்பவன். அதன் அடைச்சொல் "மந்திக்கோஸ்". பிளேட்டோ தம் ஃபைத்ரோஸ் உரையாடலில் இச்சொல்லைப் பித்து என்னும் பொருளுடைய "மனியா"வோடு இணைத்து விளையாடுகிறார். உரோமரிடத்தில் விதியை உரைப்பவர் என்னும் பொருளில் "ஃபாத்திதிக்குஸ்" என்ற அடைச்சொல் இருந்தது. வர்ஜில் தம் காவியத்தில் அதைப் பெண் நிமித்திகர் ஒருவருக்குச் சூட்டியுள்ளார். புதிய ஏற்பாடோ இச்சொற்குடும்பத்தை ஏறக்குறைய முற்றிலும் விலக்கிவிட்டது. ஒரேயோர் இடத்தில் அதன் வினை வருகிறது: பிலிப்பி பட்டணத்தில் எஜமான்களுக்கு ஆதாயம் சம்பாதித்துக் கொடுத்த அடிமைப் பெண்ணின் தொழிலைப் பற்றி (அப்போஸ்தலர் 16:16).

அவ்விடத்தில் நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் கையாண்ட சொல் "குறிசொல்லுதல்" என்பதாகும். இதை நாம் மிகவும் பாராட்டுகிறோம். வடமொழியில் தேடாமல், உடுக்கை அடித்துக் கோடாங்கி சொல்லும் குறியையே எடுத்து அங்கு வைத்தனர். உபாகமம் 18ஆம் அதிகாரத்தில் விலக்கப்பட்டவர்களின் வரிசையிலும் அச்சொல்லே நிற்கிறது. நாள் பார்த்தல், அஞ்சனம் பார்த்தல் முதலியனவும் அதனருகே உள்ளன. பந்தல்குடிச் சந்தையில் நிற்கும் எவருக்கும் இவற்றை விளக்க அகராதி வேண்டியதில்லை. சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த காலந்தொட்டு, பப்ரிஷியுஸ், இரேனியுஸ் வழியாக, 1871இல் பவர் தலைமையில் முழுமையாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு வரையில் நடந்த நெடிய உழைப்பின் பயனாக, ஒருபுறம் ஊர்ச்சொல்லாகிய குறியும் மறுபுறம் உயர்வழக்காகிய தீர்க்கதரிசனமும் நம் வேதாகமத்தில் இரு வேறு கரைகளாய் நிற்கின்றன. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு "இறைவாக்கு" என்னும் சொல்லை எடுத்து, அழுத்தத்தைக் கண்ணிலிருந்து வாய்க்கு மாற்றியது. சொல் நல்லதே, ஆனால் அருள்வாக்குச் சொல்லும் இடங்கள் ஊருக்கு ஊர் இருக்கும் நாட்டில் வாக்கு என்னும் சொல்லும் தன் சொந்தச் சுமையோடுதான் வருகிறது.

தமிழரின் பழைய வழக்கிலும் இவ்வேறுபாட்டின் நிழல் இல்லாமலில்லை. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் மலரும் தூவி நற்சொல் கேட்க நிற்கின்றனர். விரிச்சி என்பது அதன் பெயர். மாட்டுக் கன்றைத் தேற்றும் ஆய்மகள் வேறெதற்கோ சொன்ன சொல் இவர்களுக்கு நிமித்தமாகிறது. தொல்காப்பியம் குறிப்பிடும் "அறிவன்" வேறு வகையானவன்; முக்காலமும் உணர்ந்து நெறியில் நிற்பவன். தீர்க்கதரிசிக்கு "அறிவன்" என்னும் சொல்லை ஏன் எடுக்கவில்லை என்று நாம் சிலவேளை எண்ணுவதுண்டு. ஆயினும் முந்நூறு ஆண்டு வழக்கை ஒரு கட்டுரையால் மாற்ற இயலாது.

இரு கரைகள் என்றோம். ஆனால் கரைகளுக்கிடையே ஆறு எப்போதும் ஆழமாய் ஓடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1 சாமுவேல் 9ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். காணாமற்போன கழுதைகளைத் தேடி அலுத்த சவுல், தேவமனுஷனிடத்தில் போக நினைக்கிறான். கொடுக்கக் கையில் என்ன இருக்கிறது என்று கவலைப்படுகிறான். வேலைக்காரனிடத்தில் கால் சேக்கல் வெள்ளி இருக்கிறது. ஆடு தொலைந்தால் வெற்றிலைபாக்கோடு காணிக்கையும் எடுத்துக்கொண்டு கோடாங்கி வீட்டுக்குச் செல்லும் நம் ஊர்க் காட்சிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? வேதாசிரியரே இடையில் நின்று, இக்காலத்தில் தீர்க்கதரிசி எனப்படுபவன் முற்காலத்தில் ஞானதிருஷ்டிக்காரன் எனப்பட்டான் என்று குறிப்பு எழுதுகிறார் (9:9). பெயர் மாறியதற்குக் காரணம் உண்டு; பணி மாறியது. கழுதைகள் கிடைத்த செய்தியை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, சவுல் கேளாத காரியத்தைச் சாமுவேல் பேசத் தொடங்குகிறார். குறி, கேட்டவனுக்குக் கேட்டதைச் சொல்கிறது. தீர்க்கதரிசனம், கேளாதவனுக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறது.

எட்டாம் நூற்றாண்டில் ஆமோசிடம் வந்து பாருங்கள். பெத்தேலின் ஆசாரியன் அவரைத் தரிசனம் பார்க்கிறவன் என்று அழைத்து, யூதாவுக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என்கிறான். தாம் தீர்க்கதரிசியுமல்ல, தீர்க்கதரிசியின் புத்திரனுமல்ல என்று ஆமோஸ் மறுக்கிறார் (7:14). மந்தை மேய்ப்பதும் காட்டத்தி பார்ப்பதும் தம் தொழில் என்கிறார். எழுத்துத் தீர்க்கதரிசிகளில் முந்தியவர் அப்பட்டத்தையே தள்ளிவிட்டார். அவருக்குப் பிந்திய மீகாவோ, தம் காலத்துத் தீர்க்கதரிசிகள் பணத்துக்குக் குறிசொல்லுவதாகக் குற்றஞ்சாட்டுகிறார் (3:11). தீர்க்கதரிசி என்னும் எழுவாய்க்குக் குறிசொல்லுதல் என்னும் பயனிலையை அவர் வைத்தது தற்செயலன்று.

பிலிப்பியின் அடிமைப் பெண் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை என்பதையும் கவனித்தல் வேண்டும். பவுலும் அவர் தோழரும் உன்னதமான தேவனுடைய ஊழியர் என்றே அவள் கூவினாள். செய்தி உண்மை, ஆயினும் பவுல் அதை ஏற்கவில்லை. சொன்னது பலித்ததா என்பதொன்றே அளவுகோல் என்று எண்ணுவோர் இதற்கு விடை காண வேண்டும். உபாகமம் 18:22 பலிக்காததைத் தள்ளுகிறது. 13ஆம் அதிகாரமோ பலித்தபோதும் வேறு தேவர்களிடம் இழுத்துச் செல்வதைத் தள்ளுகிறது. பலிப்பது தேவை, அது மட்டும் போதாது.

இக்கால வழக்கு

இன்று இவ்வடைமொழி இருவகையாக வழங்குகிறது. சுவரொட்டிகளிலும், புத்தாண்டு இரவுக் கூட்டங்களிலும், கைப்பேசி வாட்ஸ்அப்பில் நாள்தோறும் வரும் படங்களிலும் அது வருவதுரைத்தலைக் குறிக்கிறது. பெரும்பாலும் நன்மையே வரும். வீடும் வேலையும் வெளிநாட்டுப் பயணமும் வரும். எரேமியா 28இல் இரண்டு ஆண்டுகளுக்குள் விடுதலை என்ற அனனியாவும் நல்ல செய்திதான் சொன்னான். எரேமியா முதலில் ஆமென் என்றார். அப்படியே ஆகட்டும் என்று மனதார விரும்பினார். ஆனால் விருப்பம் வேறு, வார்த்தை வேறு என்பதை அறிந்து வீடு திரும்பினார். பின்புதான் மறுமொழி அவருக்கு வந்தது.

மற்றொரு வகை நம்முடையது. இறையியல் கல்லூரிகளில் சில பத்தாண்டுகளாகத் "தீர்க்கதரிசனக் குரல்", "தீர்க்கதரிசனப் பணி" என்னும் தொடர்கள் சமூக அநீதியைக் கண்டிப்பதற்கு வழங்கி வருகின்றன. ஆமோசையும் மீகாவையும் நினைத்தால் இது முற்றிலும் பொருந்தும். தீப்பெட்டி ஆபீசில் சிறுவர் வேலை செய்வதையும், சாதியின் பெயரால் கல்லறையிலும் சுவர் எழுப்புவதையும் கண்டிக்கச் சபைக்குக் கடமையுண்டு. ஆனால் குளிரூட்டிய அறையில் கூடிய குழு நிறைவேற்றிய தீர்மானத்துக்கும், அதை எழுதினவர்களே "தீர்க்கதரிசனக் குரல்" என்று தலைப்பிட்டு நம் போன்ற இதழ்களுக்கு அனுப்பும்போது, அம்மையாரின் கேள்வி நமக்கும் உரியதாகிறது. நாமும் இவ்விதழில் அவ்வாறு தலைப்பிட்டு எழுதியதுண்டு. இரு வகையிலும் பேசுகிறவரே தம் பேச்சுக்கு அடைமொழியைச் சூட்டிக்கொள்கிறார். புதிய ஏற்பாட்டின் இரண்டு இடங்களிலோ, முன்பே எழுதப்பட்டு, பலரால் ஆராயப்பட்டு, சபையால் ஏற்கப்பட்ட வார்த்தைக்குப் பின்வந்தோர் அதைச் சூட்டினர்.

இதனால் தீர்க்கதரிசன வரம் அப்போஸ்தலர் காலத்தோடு ஓய்ந்தது என்று நாம் வாதிடவில்லை. பிலிப்புவின் நான்கு குமாரத்திகளும், கொரிந்து சபையாரும், அகபு என்பவரும் அவ்வரத்தைக் கையாண்டனர். அகபுவின் செய்தி நம் வானம் பார்த்த பூமிக்கு மிகவும் நெருங்கியது. கிலவுதியு இராயன் காலத்துப் பஞ்சத்தை அவர் முன்னறிவித்தார் (அப்போஸ்தலர் 11:28). அதைக் கேட்ட அந்தியோகியா சபையார், பஞ்சம் தங்களைத் தொடாதிருக்க ஜெபித்ததாக எழுதப்படவில்லை. தானியம் பதுக்கியதாகவும் எழுதப்படவில்லை. அவரவர் திராணிக்குத் தக்கதாகப் பணம் திரட்டி யூதேயாவிலுள்ள சகோதரருக்கு அனுப்பினர். கேட்டவர் கைப்பொருள் அங்கும் செலவாயிற்று; ஆனால் சொன்னவருக்கோ தமக்கோ அன்று, பசித்தவருக்கு. 1 கொரிந்தியர் 14:3 பக்திவிருத்தி, புத்தி, ஆறுதல் என மூன்று பயன்களைச் சொல்லி, 29ஆம் வசனத்தில் மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. நிதானிக்கும் அதிகாரம் கேட்டிருக்கும் சபைக்கு உரியது. இதே பகுதிகளில் பண்புத்தொகையாகவோ அடைமொழியாகவோ "தீர்க்கதரிசன ஊழியர்" என்று ஒருவரும் அழைக்கப்படவில்லை.

தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரை, இப்பகுதியில் ஊழியம் செய்த அமெரிக்க மதுரை மிஷனின் ஊழியக்காரர்களும் மழை எப்போது வரும் என்று கேட்கப்பட்டிருப்பர். மிஷன் 1834இல் தொடங்கியது; அருப்புக்கோட்டையும் மண்டபசாலையும் அதன் நிலையங்கள். கஞ்சித்தொட்டியருகே நின்றவர்களிடம் கேட்கப்படக்கூடிய கேள்வி அதுதானே.

அன்றிரவு இவற்றையெல்லாம் இவ்வளவு விரிவாக நாம் சொல்லவில்லை. இரண்டு இடங்களையும் கிரேக்கத்திலிருந்து எழுதிக் காட்டி, பிலிப்பியின் பெண்ணையும் சவுலின் கழுதைகளையும் பற்றிப் பேசினோம். அம்மையார் கேட்டுக்கொண்டிருந்து, "அப்ப எனக்குச் சொன்னது குறிதான்" என்றார். சற்றுப் பொறுத்து, "தேங்காய்க்காரரு காசு கம்மியா கேட்டாரு" என்றும் சொன்னார். சிரித்தவர்கள் சிலர், நம்மால் சிரிக்க இயலவில்லை. அவர் சபையைவிட்டுப் போகவில்லை என்பதையும், அவருடைய கடனில் ஒரு பகுதியை அறுப்பின் பண்டிகைக் காணிக்கையிலிருந்து கொடுக்கச் சபைக் கமிட்டியார் பின்னர் இசைந்தனர் என்பதையும் இங்குக் குறிக்கிறோம்.

வாலிபர் மாதிரித்தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். அச்சிட்டு வந்தபோது மூன்று இடங்களில் அடைமொழி நீங்கியிருந்தது. நான்காவது இடத்தில், முதல் நாள் காலைக்கு, ஆமோஸ் தீர்க்கதரிசன புத்தக வாசிப்பு என்று இருந்தது. வல்லொற்றை நாம் முன்னமே திருத்திக் கொடுத்திருக்கலாம். அப்போது அந்த வரி அதில் இல்லை.